பெட்டியில் மிஞ்சிய பாகங்கள்

"என் புருஷனைக் காணோம் சார். அவரால நடக்க முடியாது."

வாசற்படியிலேயே நின்று சொன்னாள் அந்தப் பெண். உடம்பில் மருந்துக்கடை வெள்ளைக் கோட்டு. அதைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடிவந்திருக்கிறாள். காலில் ஒரு செருப்பு அவளுடையது, இன்னொன்று வேறு யாருடையதோ.

'முன்னாள்' நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். முன்னாள் இன்ஸ்பெக்டர் என்று முழுதாகச் சொல்ல ஊரில் யாருக்கும் பொறுமை இல்லாததால் அவர் பெயரே முன்னாள் என்று ஆகிவிட்டது. வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிகிறார். அவருக்கு வண்டி ஓட்டுவது, எடுபிடி, எதிர்ப்பேச்சு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஆள், கியர். முப்பது வயது, கனத்த உடம்பு. வண்டி நின்றாலும் அவன் வாய் நிற்காது.

"நடக்க முடியாதவர் எப்படிம்மா காணாமப் போவார்?" என்றார் முன்னாள்.

"அவரோட அண்ணன் தூக்கிட்டுப் போயிட்டான். காலைல அந்த ஆளோட லாரி எங்க தெருவுல நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. வீட்டுக்கு வந்து பாத்தா கட்டில் காலி. அவர் போன் தலையணை மேல கெடக்கு. ஊருக்கு வெளிய அந்த ஆள் ஷெட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்துச்சு. ஜன்னல் வழியாப் பாத்தேன். இவரோட சக்கர நாற்காலி உள்ள நிக்குது சார். காலியா. ப்ளேனைக் காணோம்."

"எதைக் காணோம்?" என்றான் கியர்.

"ப்ளேன். அந்த ஆள் பஸ்ஸுக்கு பாடி கட்டறவன். பாகம் பாகமாப் பெட்டியில வருமாமே, அதை வாங்கி அவனே ஒண்ணா சேத்துப் பூட்டிக்கிட்டிருந்தான்."

"பக்கத்து வீட்டுக்காரன் சைக்கிளை எடுத்துட்டுப் போனாலே கண்டுபிடிக்க முடிய மாட்டேங்குது. இது ப்ளேனா?"

முன்னாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கியர் சாவியை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பப் போனான்.

வழியில் மீதியைச் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்பு வேலை செய்த இடத்தில் மேலிருந்து விழுந்து கணவனுக்கு முதுகெலும்பு முறிந்துவிட்டது. மார்புக்குக் கீழே உணர்வில்லை. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான். அன்றிலிருந்து அவள் அண்ணனை வீட்டு வாசலில் ஏற்றவில்லை.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"கூடப் பொறந்த அண்ணன்கூடத்தானே போயிருக்காரு, வந்துருவாருங்கறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? ஒரு நாள் குடிச்சிட்டு வந்து தெருவுல நின்னு கத்தினான். 'இவன் இப்படிக் கெடக்கறதைப் பாக்க முடியல, ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேந்துடலாம் போல இருக்கு'ன்னு." கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்தாள். "அவருக்கு வேர்க்காது சார். வெயில்ல வெச்சா காய்ச்சல் ஏறிடும். ஒரே பக்கமா உக்கார வெச்சா புண்ணு வந்துடும், அவருக்கே தெரியாது. தண்ணிகூட எடுத்துட்டுப் போகல."

முன்னாள் மீட்புப் படைக்குப் போன் போட்டார். பழைய சிநேகிதர் ஒருவர் எடுத்தார்.

"இருக்கறது ஒரே ஹெலிகாப்டர். மேற்கே மேகம் கட்டிக்கிட்டு வருது. எந்தப் பக்கம்னு நீங்க சொன்னா மழைக்கு முன்னாடி ஒரு சுத்து போய்ட்டு வரச் சொல்றேன். சொல்லலைன்னா நாளைக்குத்தான். எந்தப் பக்கம்?"

"சொல்றேன்," என்று வைத்தார் முன்னாள். அவருக்கே தெரியாது.

ஷெட் ஒரு பொட்டல் வெளியின் ஓரத்தில் இருந்தது. பூட்டை ஜாக்கிக் கம்பியால் நெம்பினான் கியர். உள்ளே அலுமினியத் தகட்டின் வாசனை. சுவரெல்லாம் துளைபோடும் கருவிகள், ரிவெட் அடிக்கும் கருவிகள், ஒவ்வொன்றும் அதனதன் ஆணியில். நடுவே ஒரு விமானம் அளவுக்கு வெறுமை. ஓரத்தில் சக்கர நாற்காலி. அவள் போய் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்த பொருள் பறந்து போச்சு. இல்லாத எடத்தைப் பாத்து என்ன சார் கண்டுபிடிக்கறது?" என்றான் கியர்.

"இல்லாததைப் பாக்காதே. மிஞ்சினதைப் பாரு."

மூலையில் ஒரு பெரிய மரப்பெட்டி. முன்னாள் அதன் முன் குந்தினார். "இந்த மாதிரி ப்ளேன்ல எல்லாமே கட்டறவன் இஷ்டம். ரெக்கை மேலயா கீழயா, டயர் எப்படி, சீட்டு எத்தனை. ஒவ்வொண்ணுக்கும் ஒரு காரணம் இருக்கும். எதை எடுத்தான்னு நமக்குத் தெரியாது. எதை வேண்டாம்னான்னு இந்தப் பெட்டிக்குத் தெரியும். வெளிய எடு."

கியர் எடுத்தான். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு ஜோடி மிதிகட்டைகள். அதன் கீழே இன்னொரு ஜோடி. காகிதம் பிரிக்கவே இல்லை.

"நாலு பெடல். ரெண்டு சீட்டுக்கும் சேத்து அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். ப்ளேனை ஓட்டறவன் காலால மிதிச்சுத்தான் வாலைத் திருப்பணும். ஒரு பெடலையும் மாட்டாம ஒருத்தன் பறந்து போயிருக்கான்."

"பிரேக் இல்லாத பஸ் மாதிரியா?"

"இல்லடா. கால் வேலையைக் கைக்கு மாத்திட்டான். அதோ பாரு."

பட்டறை மேசையில் நெம்புகோல் ஒன்று கிடந்தது. வெட்டிப் பற்றவைத்து, சரிவராமல் தூக்கிப்போட்ட மாதிரி. அதன் நுனியில் மோட்டார் சைக்கிளின் ரப்பர் கைப்பிடி. பக்கத்தில் அதே மாதிரி இன்னும் சில. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் நீளம், கொஞ்சம் வளைவு. யாரோ ஒருவருடைய கைக்கு அளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

முன்னாள் பெட்டி மூடியைத் திருப்பினார். அச்சடித்த படம். இறக்கை கீழே வைத்த மாதிரி விமானம். பிறகு சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த பலகையை எடுத்தார். நடுப்பகுதி தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"மேல் ரெக்கைன்னா காலைத் தூக்கி வெச்சுக் கதவு வழியா ஏறணும். கீழ் ரெக்கைன்னா நாற்காலியிலிருந்து பலகை, பலகையிலிருந்து ரெக்கை, ரெக்கையிலிருந்து சீட்டு. உக்காந்தபடியே சறுக்கிப் போயிடலாம். ஒரு தடவை சறுக்கினா பலகை இப்படித் தேயாதும்மா."

அவள் பலகையையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து, கணவன் வாரத்தில் பாதி நாள் போகும் உடற்பயிற்சி நிலையத்துக்குப் பேசினாள். அந்தப் பக்கம் சொன்ன பதில் கியருக்குக்கூடக் கேட்டது. "அவர் வந்தே பல மாசமாச்சே மேடம். வேற எடம் பாத்துக்கிட்டதா அவங்க அண்ணன்தான் சொன்னாரு."

போன் அவள் கையிலிருந்து மடியில் விழுந்தது. எப்போது தரையில் உட்கார்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"யாரும் உங்க புருஷனைத் தூக்கிட்டுப் போகல," என்றார் முன்னாள். "அவரே ஓட்டிக்கிட்டுப் போயிருக்கார்."

"தனியாவா?"

பதில் சொல்வதற்கு முன்பே கியர் பெட்டிக்குப் பின்னாலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஓர் இருக்கையை இழுத்து வெளியே வைத்தான். முதல் முறையாக அவனிடம் நகைச்சுவை எதுவும் இல்லை.

"தனியாத்தான்," என்றார் முன்னாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல," என்றாள். "தெனம் ராத்திரி நான்தான் சார் அவரைப் புரட்டிப் படுக்க வைக்கறேன். ஒரு வார்த்தை சொல்லல."

வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. மேகம். முன்னாள் அவசரப்பட்டார். பார்க்க இன்னும் இரண்டு பொருள்கள் இருந்தன. பெட்டியில் ஒல்லியான டயர் ஒரு ஜோடி. சுவரில், விமானத்தின் மூக்கில் மாட்டிச் சுழலவிடும் காற்றாடி ஒன்று.

"மெல்லிய டயர் மிஞ்சியிருக்கு. அப்போ மாட்டினது தடிமனான டயர். மண்ணுல எறங்கப் போறான். இந்தக் காற்றாடி சமவெளியில வேகமா ஓடறதுக்கு உள்ளது, பட்டையோட சாய்வைப் பாரு. இதைக் கழட்டி வெச்சிட்டு ஏறறதுக்கு உள்ளதை மாட்டியிருக்கான். எதையோ ஏறித் தாண்டணும். இந்தச் சுத்துவட்டாரத்துல ஏறித் தாண்ட என்ன இருக்கு?"

"மலைதான்," என்றான் கியர். "மலைக்கு அந்தப் பக்கம் வத்திப்போன ஏரி. பொட்டல் மண்ணு. நான் அங்கதான் வண்டி ஓட்டவே கத்துக்கிட்டேன்."

"அண்ணனோட லாரியும் அங்கதான் போயிருக்கும், தம்பியை எறக்கிக்க."

முன்னாள் போனை எடுத்தார். "மலைக்கு அந்தப் பக்கம். வறண்ட ஏரி. உடனே அனுப்புங்க."

மலைப்பாதையில் கியர் ஓட்டிய ஓட்டம் வேறு யாரும் ஓட்டக் கூடாத ஓட்டம். பாதி வழியில் தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அது போகும் திசையைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"கவலைப்படாதீங்க மேடம். சார் கணக்கு தப்பாது. தப்பினா நான்தான் திட்டு வாங்குவேன். அதனால எனக்கு நல்லாத் தெரியும்."

கொஞ்ச நேரத்தில் அதே சத்தம் திரும்பி வந்தது. மலையைத் தாண்டி ஊரை நோக்கிப் போய்விட்டது.

"தூக்கிட்டாங்க!" என்று கத்தினான் கியர்.

ஆனால் முன்னாள் கையில் போன் அதிர்ந்தது. சிநேகிதர். "அங்க ஒரு ப்ளேனும் இல்லப்பா. ஒரு லாரியும் ஒரு ஆளும்தான். மேகம் மூடிடுச்சு, திரும்ப வரச் சொல்லிட்டேன். இனிமே இன்னிக்கு அனுப்ப முடியாது." அதோடு சிக்னலும் போனது.

இருந்த ஒரே வாய்ப்பை அவர் கைகாட்டிய இடத்துக்கு அனுப்பி வீணாக்கியாகிவிட்டது. அதை அவளிடம் அவர் மறைக்கவில்லை. அவள் மலையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

ஏரியின் நடுவே லாரி நின்றது. அதன் பக்கத்தில் கனமான தோள்களோடு ஒருவர், மலை உச்சியைப் பார்த்தபடி. அவர் முன்னால் எடை குறைந்த புதுச் சக்கர நாற்காலி ஒன்று விரித்துத் தயாராக இருந்தது. இருக்கையில் ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் பாட்டில்.

வண்டி நிற்கும் முன்பே அவள் குதித்து ஓடினாள். அண்ணன் திரும்பியதும் இரண்டு கையாலும் அவர் மார்பில் அறைந்தாள். அவர் தடுக்கவில்லை.

"எங்க அவரு? எங்க?"

"எப்பவோ வந்திருக்கணும்மா," என்றார் அண்ணன். அழுது அழுது கண் சிவந்திருந்தது. "எனக்கு முன்னாடியே வந்திருக்கணும். லாரி ஏறி வந்தவன் நான் வந்துட்டேன். ஹெலிகாப்டர் வந்துச்சு, கையை ஆட்டினேன். அவங்களும் கையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஏன் இப்படிச் செஞ்சீங்க? ஏன்?"

"அவன் கேட்டாம்மா. 'யாரும் தூக்காம ஒரே ஒரு எடத்துக்குப் போகணும்ணா'ன்னான். உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டேன்னான். ஷெட்டு வாசல்லேயே பல மாசம் பறந்து பழகினான். நல்லா ஓட்டறாம்மா. என்னைவிட நல்லா."

முன்னாள் இருவருக்கும் நடுவே வந்தார். "அழ நேரமில்லை. பெட்ரோல் எங்க வெச்சிருக்கு?"

"ரெண்டு ரெக்கையிலயும். இடது டாங்க், வலது டாங்க். ரெண்டும் முழுசா நிரப்பித்தான் அனுப்பினேன். இங்க வந்துட்டுத் திரும்பிப் போறதுக்கே போதும்."

"ரெண்டுலேருந்தும் ஒரே நேரத்துல வருமா?"

"வராது. கீழ் ரெக்கை இல்லையா? மேலேருந்தா தானா எறங்கிடும். இதுல பம்பு வெச்சுத்தான் இழுக்கணும். ஒண்ணு தீந்ததும் இன்னொண்ணுக்கு மாத்தணும். பைக்குல ரிசர்வ்ல போடற மாதிரி ஒரு டேப்."

"அந்த டேப் எங்க?"

"தரையில. சீட்டுக்கு முன்னாடி. படத்துல அங்கதான் போட்டிருந்தான், அங்கேயே வெச்சேன். நான் உக்காந்து குனிஞ்சு திருப்பிப் பாத்தேன். நல்லா..."

அண்ணனின் வாய் திறந்தபடியே நின்றது.

 

"பழகறப்ப?" என்று மெதுவாகக் கேட்டார் முன்னாள்.

"சின்னச் சின்னச் சுத்துதானே. ஒரு டாங்க்கே போதும். கீழ எறங்கினதும் நான்தான் குனிஞ்சு மாத்துவேன்." அவர் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு கை ப்ளேனை ஓட்டற ஸ்டிக்குல, ஒரு கை நெம்புகோல்ல. மார்புக்குக் கீழ பெல்ட்டு போட்டு இறுக்கியிருக்கேன். அவனால எப்படிக் குனிய முடியும்? ஐயோ, அவனுக்குன்னு ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்து மாத்தினேனே..."

தம்பி ஏற வேண்டும் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த அதே இறக்கைதான் அவனை இறக்கிவிட்டிருக்கிறது. ஷெட்டில் பலகையைத் தடவிப் பார்த்துப் பெருமையாக விளக்கியபோது தனக்கும் இது தோன்றவில்லையே என்று முன்னாளுக்கு உறைத்தது.

"எந்திரிங்க. ஒரு டாங்க் எது வரைக்கும் வரும்?"

"ஏறும்போது நெறைய குடிக்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடியே தீந்திருக்கும்."

"அப்போ இந்தப் பக்கம் இல்லை. நாம ஏறி வந்த பக்கம்தான். எஞ்சின் நின்னாலும் சறுக்கிக்கிட்டு எறங்கலாம் இல்லையா? எங்க எறக்குவார்?"

"எங்க எறக்கறது? அந்தப் பக்கம் பூரா காடு. கையகலம் பொட்டல் கெடையாது."

"இருக்கு," என்றாள் அவள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"டவர் லைன் போற எடம். கம்பிக்கு அடியில ரோடு மாதிரி அகலமா மரத்தையெல்லாம் வெட்டி விட்டிருப்பாங்க. அவர் டவர் ஏறி கம்பி இழுக்கற வேலைதானே பாத்தாரு. அந்த மலைல ஒவ்வொரு டவரும் அவருக்குத் தெரியும்."

"கரண்டு கம்பிக்கு அடியில எவன்மா ப்ளேனை எறக்குவான்?" என்றான் கியர்.

"வேற எவனும் எறக்க மாட்டான். அவர் எறக்குவார்."

முதல் தூறல் விழுந்தபோது, வந்த வழியே திரும்பி உச்சியைத் தாண்டியிருந்தார்கள். ஒரு வளைவில் கம்பிகள் பாதையைக் குறுக்கே வெட்டிச் சென்றன. வண்டியை விட்டு இறங்கி, மரம் வெட்டிய சரிவில் ஏறினார்கள். இடுப்பளவு புதர். மேலே கம்பிகள் ஈரத்தில் உஸ்ஸென்று இரைந்தன. அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பதில் இல்லை. அண்ணன் கூப்பிட்டார், பதில் இல்லை. ஒரு டவர் தாண்டி, இன்னொரு டவர். முன்னாளுக்கு மூச்சு இரைத்தது. மழை வலுத்தது.

"பெட்ரோல்," என்றான் கியர் திடீரென்று. மூக்கை உயர்த்தினான். "பெட்ரோல் வாசனை."

மூக்கைத் தரையில் குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது விமானம். ஒரு வெட்டிய அடிமரம் வலது இறக்கையைக் கிழித்திருந்தது. முழுசாக நிரம்பிய வலது டாங்க்கிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி மூடிக்குள் பெல்ட்டில் தொங்கியபடி ஒரு தலை.

அவள் நின்றுவிட்டாள். இத்தனை தூரம் எல்லோருக்கும் முன்னால் ஓடியவளுக்கு அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்துக்குக் கால் வரவில்லை.

கியர் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனான். மூடியை நெம்பினான். கழுத்தில் விரலை வைத்தான். திரும்பிப் பார்த்தான்.  தலையை மட்டும் வேகமாக ஆட்டினான், ஆமாம் ஆமாம் என்று.

அப்புறம்தான் அவள் ஓடினாள்.

பெல்ட்டை அறுத்து, முன்னாளும் அண்ணனும் தாங்கிப் பிடிக்க, இழுத்து வெளியே கிடத்தினார்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. இடது கை தொங்கியது. அவள் கோட்டை மழையில் நனைத்து அவன் கழுத்திலும் நெற்றியிலும் ஒற்றினாள். வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். கடைசியில் அவன் கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது அண்ணனைத்தான்.

"டேப்பை எட்டித் தொடப் பாத்தேன்ணா. விரல் நுனி பட்டுச்சு. திரும்பல."

அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார்.

"அழாதே. அடுத்ததுல தலைக்கு மேல வை."

"அடுத்ததா?" என்றாள் அவள்.

அப்போதுதான் அவள் இருப்பதைக் கவனித்தான் அவன். கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தான். அவள் விடவில்லை. தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"எவ்வளவு தூரம் வந்தீங்க?"

"உச்சி தெரிஞ்சுச்சு," என்றான். "அந்தப் பக்கம் ஏரிகூட ஒரு ஓரம் தெரிஞ்சுச்சு."

 அவள் மழைநீரோடு சேர்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொன்னா திட்டுவேன்னுதானே சொல்லாமப் போனீங்க? திட்டத்தான் செய்வேன். இனிமே சொல்லிட்டுப் போங்க. திட்டிட்டு அனுப்பறேன்."

கியர் முதுகைக் காட்டிக் குனிந்தான். அண்ணனும் முன்னாளும் தம்பியை அதில் ஏற்றினார்கள். அவள் முன்னால் நடந்து புதரை விலக்கிக்கொண்டே போனாள்.